நாலு வரி சிபாரிசு

“இந்தச் சிபாரிசை எழுதின கைடு யாருன்னு மட்டும் தெரியட்டும். நாலு பேர் முன்னால நிக்க வச்சுக் கேப்பேன்.”

பேராசிரியர் ஹரிகிருஷ்ணன் ஃபைலை மேசையில் வீசினார். ஏழாம் நம்பர் ஃபைல்.

தெரிந்துகொள்ள வழியில்லை. பெயர், துறை, ஆராய்ச்சித் தலைப்பு, கைடின் கையெழுத்து, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ‘நம்ம பையன், உங்க பொண்ணு’ என்ற பேச்சே கூடாது என்று இந்த வருஷம் வந்த விதி. கொண்டு வந்தவர் சாட்சாத் ஹரிகிருஷ்ணனேதான். பல்கலைக்கழகமே பாராட்டியது.

பிஎச்.டி.யை முடிக்க ஒரு வருஷ உதவித்தொகை. பதினோரு பேர் மனுப் போட்டிருந்தார்கள். இடம் ஒன்றே ஒன்று. ஒன்பது பேரைக் கழித்தாயிற்று. மிச்சம் மூன்றாம் நம்பரும் ஏழாம் நம்பரும்.

“சார், கொஞ்சம் சீக்கிரம்,” என்றார் கமிட்டியில் இருந்த இளஞ்செழியன். “சனிக்கிழமை. பெரிய மார்க்கெட்ல வஞ்சிரம் தீந்துட்டா, வீட்டுல என்னைத்தான் கொழம்பு வைப்பாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

மூன்றாவது உறுப்பினர் செந்தமிழ்ச்செல்வி விடுவதாயில்லை.

“மார்க்கைப் பாருங்க சார். மூணை விட ஏழுக்குத்தான் அதிகம். ரெண்டு கட்டுரை வெளியாகியிருக்கு. இன்னும் ஒரே அத்தியாயம்தான் பாக்கியாம். மார்ச்சோட உதவித்தொகை நின்னு போச்சு. இதுவும் இல்லன்னா படிப்பை விட்டுடுறதுன்னு வீட்ல முடிவாயிடுச்சாம்.”

“எல்லாரும் அப்படித்தான் மேடம் எழுதுவாங்க. கைடு என்ன எழுதியிருக்கார்? அதைக் கேளுங்க.”

ஹரிகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“‘ஒழுங்காக வருவார். கொடுத்த வேலையைச் செய்வார். நன்னடத்தை உள்ளவர். உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கிறேன்.’ முடிஞ்சுது! வாட்ச்மேன் வேலைக்குக்கூட இதை விட நல்லாக் குடுப்பாங்க.”

“கைடுக்கு எழுத வரலன்னா அந்தப் புள்ள என்ன பண்ணும்?”

“அதத்தான் நானும் சொல்றேன். அஞ்சு வருஷம் கூடவே வச்சு வேலை வாங்கத் தெரியுது. அரை மணி நேரம் உக்காந்து நாலு நல்ல வார்த்தை எழுத வக்கில்ல. ஒரு புள்ளையோட பொழப்பு மேடம் இது! இவனெல்லாம் வாத்தியாரு!”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. நிஜமாகவே கலங்கியிருந்தது.

மூன்றாம் நம்பரின் சிபாரிசைத் தூக்கிக் காட்டினார். ரெண்டு பக்கம். ‘இப்படியொரு ஆய்வாளரை என் முப்பதாண்டு அனுபவத்தில் கண்டதில்லை’ என்று ஆரம்பம்.

“கைடுன்னா இப்படி இருக்கணும். கூட இருந்து பாத்தவருக்கே ஏழு மேல நம்பிக்கை இல்ல. நமக்கு எங்கேர்ந்து வரும்? மூணையே போட்டுடலாம்.”

செந்தமிழ்ச்செல்வி பேனாவை எடுத்தார். கூட்ட முடிவை எழுதிய மினிட்ஸில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகுதான் ஒட்டிய தாளைப் பிரிக்கலாம். ஆபீஸ் பாக்கியலட்சுமி வந்து, ஸ்கேல் முனையால் மெல்லக் கிளப்பினார்.

“மூணு... அபி, கணிதத் துறை. ஏழு...”

நிறுத்திவிட்டார்.

“என்னம்மா, படி.”

“இஷ்ரத் சார்.”

“எந்த இஷ்ரத்?”

“உப்பளம் ஏரியாவுலேர்ந்து வர்ற பொண்ணு. உங்க ஸ்டூடண்ட்தான் சார்.”

சிபாரிசுக் கடிதத்தின் அடியில் ஒட்டியிருந்த தாளும் பிரிந்து வந்தது. பச்சை மையில் பெரிசாக, சுழித்து, ஹரிகிருஷ்ணனின் கையெழுத்து.

இளஞ்செழியன் கூரையைப் பார்த்தார்.

“மாத்திடலாமா சார்?” என்றார் செந்தமிழ்ச்செல்வி. “மினிட்ஸ் இன்னும் இங்கதானே இருக்கு.”

ஹரிகிருஷ்ணனின் முகம் சிவந்து கிடந்தது.

“பேரைத் தெரிஞ்சுக்கிட்டு மாத்தினா, அப்புறம் விதி எதுக்கு மேடம்? ஊரு சிரிக்கும்.”

கடிதத்தை உருவிக்கொண்டு எழுந்தார். அதில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகமில்லை. எவனோ விளையாடியிருக்கிறான்.

வராந்தா பெஞ்சில் இஷ்ரத் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலை ஒன்பது மணிக்கே வந்தவள். அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

“கிடைக்கல இல்ல சார்?”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“பரவால்ல சார். தவளக்குப்பத்துல ஒரு டியூஷன் சென்டர்ல கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமையே சேரச் சொல்றாங்க. லைப்ரரி புக்கெல்லாம் இன்னிக்கே குடுத்துட்டுப் போயிடறேன்.”

“அதை விடு. இந்த லெட்டரைப் பாரு. கையெழுத்து என்னுது. ஆனா இந்த நாலு வரியை நான் எழுதவே இல்ல. உன் பொழப்பே போச்சு இதால! எவன் எழுதினான் இதை?”

அவள் கடிதத்தைப் பார்த்தாள். தலை குனிந்துகொண்டாள்.

“நான்தான் சார்.”

“நீயா?”

“நேரமில்ல, நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. என்னை நானே எப்படி சார் புகழ்ந்து எழுதிக்கிறது?”