கூப்பன் சீனி

“மாப்ள, உமக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?” என்றார் மச்சான் கணபதி கங்காணி.

அழகர் பாயில் குப்புற விழுந்து கிடந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி முழுக்கத் தேத்தண்ணி. தட்டு ஒரு மூலையில், கிளாஸ்கள் ஒரு மூலையில்.

மகள் அங்கம்மா கொண்டுவந்த தட்டை, “குடும்மா, நான் குடுக்கிறேன்” என்று வாங்கியவர் அவர்தான். வாங்கியவர் உடனே கொடுக்கவும் இல்லை. தேயிலை ஸ்டோருக்குள் சிறுத்தை புகுந்த கதையைத் தட்டும் கையுமாக நின்று நீட்டி முழக்கினார். அதன் பிறகுதான் பாயின் ஓரம் தடுக்கி விழுந்தார்.

தடுக்கியது உண்மை. பாயின் ஓரத்தைக் காலையிலேயே மடித்து வைத்தது யார் என்பதையும், சிறுத்தைக் கதை தேத்தண்ணி ஆறுவதற்காகத்தான் என்பதையும் அவர் வெளியில் சொல்லவில்லை. பாவம், அந்தப் பையன் என்ன தப்பு செய்தான், சுடச்சுட ஊற்ற?

“கூப்பன் சீனி” என்று அடுப்படி வாசலில் பல்லைக் கடித்தாள் மனைவி ரெங்கம்மா. “நாடே சீனிக்கு அல்லாடுது. கூப்பனுக்கு அளந்து குடுத்தத மாசம் பூரா வாயக் கட்டிச் சேர்த்து வச்சது.”

சீனிக்காக ஒரு முகம் அவ்வளவு கறுக்குமா என்று அழகருக்கே ஆச்சரியமாக இருந்தது.

போகட்டும், காரியம் முடிந்தது என்று நினைத்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு, பெண்ணின் குணத்துக்குத் தேத்தண்ணிதான் சாட்சி. முன்பு பெண் பார்க்கப் போன இடத்தில் தேத்தண்ணியில் சாயம் பத்தாது என்று பாதியிலேயே எழுந்து ஊருக்கு, நமுனுகுலைக்கு, பஸ் ஏறிய மனுசி.

அந்த மனுசி இப்போது சிரித்தாள்.

“பரவால்லண்ணே. எங்க மாமனாரும் இப்புடித்தான் என்னப் பாக்க வந்தப்போ பானகத்தக் கொட்டினாரு. நல்ல சகுனம். இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க. பொண்ணு கையால குடிச்சிட்டு வெத்தல மாத்திருவோம்.”

“மாத்திட்டுத்தான் நான் கப்பலேறுவேன்” என்றார் கணபதி. ரெங்கம்மாவின் அண்ணன் அவர். இந்தியாவுக்குப் போக பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவர் சொல்லுக்குத் தோட்டத்து லய வீடுகளில் எவரும் எதிர்ச்சொல் பேசியதில்லை. அழகரும் பேசியதில்லை. தமாஷ் பேசுவார், அதோடு சரி.

அழகர் உருண்ட கிளாஸ்களைப் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

போன தையில் வேறொரு இடம் பேசியபோதே அங்கம்மா சோற்றை நிறுத்திவிட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்று கணபதி பூசாரியைக் கூட்டிவந்தார். வேப்பிலை ஒடித்துக் கொடுத்தது ரெங்கம்மா. கடைசியில் பிள்ளையை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்து அப்பாவிடம் சொன்னாள்.

“எனக்கு ஆம்பளயோட குடும்பம் நடத்த முடியாதுப்பா. கருப்பம்மா மேலதான் மனசு. அவளுக்கும் அப்புடித்தான். கட்டிவச்சீங்கன்னா நான் இருக்கமாட்டேன்.”

பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற கருப்பம்மா. எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருக்கிற அழகரிடம் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

“நீ சாப்பிடும்மா. அப்பா பாத்துக்கிறேன். ஆத்தாகிட்ட மட்டும் மூச்சு விட்றாத” என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் வேட்டியில் வழிகிறது.

அடுப்படிக்குள் நுழைந்தார். ரெங்கம்மா புதிதாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ரெங்கம்மா, நெசமாவே இந்தக் கலியாணம் வேணுமா ஒனக்கு?”

“நகருங்க. வேல கெடக்கு.”

“புள்ள மொகத்தப் பாத்தியா?”

“ஒங்க மொகத்தப் பாத்தே பாதி ஆயுசு போயிருச்சு. நகருங்க.”

“தங்கச்சி, வெத்தல வாடுது” என்று வெளியிலிருந்து கணபதியின் குரல் வந்தது.

அடுப்படி மூலையில் நின்ற அங்கம்மா தட்டை எடுத்தாள். மெலிந்த கையில் வளையல் முழங்கை வரை வழுக்கிப் போயிருந்தது.

அழகர் வாசலை மறித்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“இதையும் கொட்டுவேன். அப்பவும் வேணும்னேதான் கொட்டினேன். அவ கருப்பம்மாவோடதான் இருப்பேங்கிறா. இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் புள்ள உசுரோட வேணும். பூசாரியக் கூப்புடறதுன்னா கூப்புடு, மொத அடி என் முதுகுல விழட்டும். ஒரே ஒரு வார்த்த நேராச் சொல்லு புள்ள. நீ யாரு பக்கம்?”

ரெங்கம்மா மகளைப் பார்த்தாள். மகள் தலை குனிந்திருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாக நடுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ரெங்கம்மா அடுப்புக்கு மேலே புகைக்கூட்டு இடுக்கில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கூப்பன் சீனி. கட்டிய நூல்கூட அவிழவில்லை.

“டிஸ்பென்சரியில என் மடியில படுத்துக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒங்க காதுல விழுந்தா லயம் பூரா தமாஷாயிரும்னு நான்தான் அவ வாயக் கட்டி வச்சேன்” என்றாள். “அந்தம்மா ஒரு வாய் குடிச்சதும் துப்பிட்டு பஸ்ஸுக்கு ஓடட்டும்னு கை நெறைய உப்ப அள்ளிப் போட்டு அனுப்புனா, வாயில வைக்கிறதுக்குள்ள கவுத்துட்டீங்களே மனுசா, இந்தத் தட்டையாச்சும் சிந்தாமக் கொண்டுபோய்க் குடுங்க.”