தோற்றுப்போன தீர்மானம்

"தராசு எழுந்து நின்னுட்டாருடி! போச்சு, எல்லாம் போச்சு!"

கூட்ட அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்த சமையல் அக்கா, மூச்சு வாங்கியபடி சமையலறைச் சுவரில் சாய்ந்தாள்.

உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த இளம்பெண்ணின் கை அப்படியே நின்றது. காலடியில், துணிக்கூடைக்குள், அவள் மகள் விரலைச் சூப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னார்?"

"கண்ணாடி ஜன்னல்டி, வாயசையறதுதான் தெரியுது. ஆனா கையை மட்டும் காய் வெட்டுற மாதிரி வெட்டினார். மத்த மூப்பருங்க எல்லாம் பூம்பூம்னு தலையாட்டுறாங்க. பாஸ்டர் முகத்துல ஈயாடலை."

தராசு என்பது பட்டப்பெயர். கடைகளில் எடைக்கல் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கம் விடாமல், பாடகர் குழுவின் சுருதி முதல் போதகரின் பிரசங்கம் வரை சபையில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பார். பிரெஸ்பிட்டேரியன் சபை என்பதால் போதகர் ஒருவர் நினைத்தால் மட்டும் அங்கே எதுவும் நடந்துவிடாது. மூப்பர்கள் கூடிச் சம்மதிக்க வேண்டும். மூப்பர்களோ, தராசு சாய்கிற பக்கம்தான் சாய்வார்கள்.

அன்று அவர்கள் முன்னால் இருந்தது கூடையில் தூங்கும் குழந்தையின் ஞானஸ்நானம்.

அந்தப் பெண் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வயிற்றில் பிள்ளையைக் கொடுத்தவன் தாலி கட்டாமலே காணாமல் போனான். பெற்றவர்களும் முகம் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் இந்தச் சபை மண்டபத்தில் யார் வந்தாலும் சாப்பாடு போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, குனிந்த தலை நிமிராமல் வந்து வரிசையில் நின்றாள். சாப்பிட வந்தவள் தட்டுக் கழுவினாள். பிறகு காய் நறுக்கினாள். இப்போது அவள் இல்லாவிட்டால் சமையல் அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுப்பீங்களா பாஸ்டர்?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, புதிதாக வந்திருந்த இளம் போதகர், "மூப்பர்கள்கிட்ட ஒரு தீர்மானம் வைக்கிறேம்மா, கவலைப்படாதே" என்றிருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள் இப்போது. "ஆராதனையில அந்த ஐயா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை."

"அது அவர் பிறவிப் பார்வைடி. கல்யாண போட்டோவுலகூட, பொண்ணு எடை குறையுதேங்கிற மாதிரிதான் முறைச்சுக்கிட்டு நிக்கறார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னை யாரு என்ன வேணா பேசட்டும்க்கா. இவ என்ன பாவம் பண்ணினா?"

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் போதகர் தொங்கிய முகத்தோடு உள்ளே வந்தார்.

"தீர்மானம் தோத்துப்போச்சும்மா. ஐயா வேண்டாம்னார், எல்லாரும் அவர் பக்கம் கை தூக்கிட்டாங்க. நான் உன் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான்..."

"பரவாயில்லை பாஸ்டர்."

அதற்கு மேல் அவள் கேட்க நிற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். சமையல் அக்கா அடுப்பை அணைத்தாள். "இனிமே இங்க வேற சமையல்காரியைப் பார்த்துக்கங்க!"

வாசலை அடைத்துக்கொண்டு தராசு நின்றார்.

"எங்க கிளம்பிட்டே?"

"வீட்டுக்குங்க ஐயா."

"சாப்பிட ஆள் வர்ற நேரம். கிழங்கு பாதியில கிடக்கு."

சமையல் அக்கா அகப்பையோடு குறுக்கே வந்தாள். "ஏன் ஐயா, பச்சைப்பிள்ளை தலையில நாலு சொட்டுத் தண்ணி விட்டா உங்க குடி முழுகிடுமா?"

தராசு அவளைப் பார்த்தார். பிறகு போதகரைப் பார்த்தார்.

"இன்னும் சொல்லலையா நீங்க?"

"சொல்ல விட்டாத்தானே ஐயா!"

தராசு குனிந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தை கண் விழித்து அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஞானஸ்நானம் வர்ற ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை இருக்கா, இல்லை என் வீட்டம்மாவைத் தைக்கச் சொல்லவா?"

அவள் கூடையைக் கீழே வைத்து, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக வெளியே வந்தது. சமையல் அக்கா அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

"அப்ப எதுக்கய்யா வேண்டாம்னு கையை அந்த வெட்டு வெட்டினீங்க? தோத்துப்போனது என்ன தீர்மானம்?"

போதகர் தலையைச் சொறிந்தார். தராசுதான் பதில் சொன்னார்.

"ஊர் வாய்க்குப் பயந்து, பக்கத்து அறையில கதவைச் சாத்திக்கிட்டு, நாலே பேரை வச்சுக் கமுக்கமா முடிச்சிடலாம்னார் பாஸ்டர். ஞானஸ்நானம்னா, இந்தப் பிள்ளையை வளர்க்க நாங்க துணை நிப்போம்னு சபை மொத்தமும் எழுந்து நின்னு வாக்குக் குடுக்கணுமேம்மா, பூட்டின அறையில அதை யாரு குடுப்பா, நாற்காலியா?"