இரவல் கண்ணாடி

நகர அருங்காட்சியகத்தில் ஒரு மாதம் பழம்பொருள் விழா. பேச்சு, பாட்டு, பொம்மலாட்டம் என்று தினம் ஒன்று நடந்தது. தணிகாசலம் எதையும் கவனிக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் மறுக்க முடியாமல் இரவல் கொடுத்த தேக்குச் சட்டக் கண்ணாடியின் முன் வந்து நிற்பார். அதன் ஓரத்தில், படுக்கப் போகும்போது அவர் மனைவி வேதவல்லி நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் பதினொன்று இருந்தன. அவள் இறந்த பிறகு அந்தக் கண்ணாடியை அவர் துடைத்ததே இல்லை.

விழா முடிந்து பொருள்களைத் திருப்பிக் கொடுத்த பெண், "பளிச்சுனு தரணும்னு நானே உக்காந்து சுரண்டித் துடைச்சேன் சார்" என்றாள். 'சேதம்' என்ற கட்டத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதிய தாளை நீட்டினாள்.

கண்ணாடியில் அவர் முகம் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

"துடைச்ச துணிய வச்சிருக்கீங்களாம்மா?"