பேன் தொல்லை

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த தபால், கூடப் படித்தவர்களுக்கு முன்பாகவே ஞானமேரிக்கு வந்துவிட்டது. அப்பா பெரியநாயகத்தின் சம்மதம் இல்லாமல் அவள் போய்ச் சேர முடியாது. அவரிடம் சொல்லத்தான் பயம்.

“அப்ளிகேஷன் போட்டன்னிக்கு ஒண்ணும் பேசாம வூட்ட வுட்டுப் போனவரு. மறுநா மொட்டையோட வந்து பேன் தொல்லைன்னாரு. என்ன நெனைக்கிறாரோ,” என்றாள் அம்மா.

இண்டூர் சந்தையிலிருந்து அவர் திரும்பியதும் ஞானமேரி சொல்லிவிட்டாள்.

“சீட்டு கெடைச்சிருச்சுங்கப்பா. அந்தோணியாருக்கு முடி குடுக்கறதா வேண்டியிருந்தேன். குடுத்துட்டு வந்தர்றேங்க.”

“காலேஜுக்கு மொட்டையாவா போவ? அதான் நான் குடுத்துட்டனே.”

“எப்பங்கப்பா?”

அவர் முளைத்துவரும் முடியைத் தடவினார். “நீ அப்ளிகேஷன் போட்டன்னிக்கே.”

“கெடைக்கறதுக்கு முன்னாடியேவா?”

“அட்வான்ஸ் வாங்கினவரு தராம எங்க போவாரு?”