செம்பூர் ரோட்டில் ஒரு பள்ளம்

மகாதேவன் வண்டியைத் தொடவில்லை.

மாட்டுங்காவில், அவர்கள் குடியிருந்த கட்டடத்து வாசலில், பூலோகம் அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தான். தாராவியில் மோட்டார் ரிப்பேர் செய்பவன். உலக யுத்தம் முடிந்து மிலிடரிக்காரர்கள் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள்களில் இரண்டை எடுத்து, ஒன்றைப் பிரித்து மற்றதில் பூட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தான். பெட்ரோல் டாங்கியின் அடியில் மட்டும் பட்டாளத்துப் பச்சை கொஞ்சம் தெரிந்தது.

யார் கொண்டுவரச் சொன்னது என்று மகாதேவன் கேட்டார்.

பூலோகம் மாடிப்படியைப் பார்த்தான். வாலாம்பாள் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

தையல் மிஷின் வாங்கவென்று அவள் சேர்த்து வைத்திருந்தது பூலோகம் கேட்ட விலைக்குப் போதும். ரேஷன் பெட்ரோலுக்குக் கூப்பன் எங்கே, எப்படி வாங்குவது என்பது வரையில் விசாரித்து வைத்துவிட்டாள். கணவரிடம் மட்டும்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு வண்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைப் பின்னால் உட்கார்த்திக்கொண்டு கிளம்பிவிடுவார். கோயிலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். இருவரும் சட்டை செய்யவில்லை. சயானைத் தாண்டிச் செம்பூர்ப் பக்கம் போய்விட்டால் ரோடு காலியாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் வயல். அவர் வேகத்தைக் கூட்டுவார். அவள் அவர் காதருகே குனிந்து, இன்னும் என்பாள்.

அந்த ரோட்டில்தான் அவள் விழுந்தாள்.

இடது முழங்கை இரண்டு இடத்தில் உடைந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். பிரித்த பிறகு கை முழுசாக நீளவில்லை. இன்றைக்கும் பாதியில் நின்றுவிடும்.

பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டது தன்னுடைய தப்பு என்று மகாதேவன் மாமனாருக்குக் கடிதம் எழுதினார். கட்டுப் பிரிப்பதற்குள் வண்டியை விற்றுவிட்டார். அதற்கப்புறம் ஆபீஸுக்கு லோக்கல் ரயில்தான். செம்பூர் என்கிற பேச்சே வீட்டில் எழவில்லை.

அவள் மேல்தட்டிலிருந்து சம்படத்தை எடுக்க எம்பினால் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். கையைப் பார்க்கமாட்டார்.

ஆனால் தெருவில் மோட்டார் சைக்கிள் போனால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அது என்ன வண்டி என்று தனக்குள் முனகிக்கொள்வார். சத்தம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தேய்ந்து மறையும் வரை பக்கத்தைப் புரட்டமாட்டார்.

அடுக்களையில் அவளும் குழாயை மூடிவிட்டு அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

இப்போது அவர் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கண் மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை.

வாலாம்பாள் பூலோகத்தை எதிர் ஹோட்டலில் காபி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாள். அவன் தெருவைக் கடக்கும் வரை காத்திருந்தாள்.

“ஏன்னா, அன்னிக்குப் பள்ளம் ஒண்ணும் இல்லை. நான்தான் கையை விட்டேன்.”

அவள் முழுவதையும் சொன்னாள். ரோட்டில் யாருமே இல்லை. காற்று முகத்தில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது, விரித்துவிட்டாள். அது எப்படி இருந்தது என்று சொல்ல வந்து, வார்த்தை கிடைக்காமல் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவர் தன் அம்மாவிடம் பள்ளம், பள்ளம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அம்மாவுக்கு முன்னால் எப்படி நிஜத்தைச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அதற்குள் வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் நாளாக ஆகச் சொல்ல வாய் வரவில்லை. தான் செய்ததற்கு அவர் ஏழு வருஷமாக ரயிலில் நசுங்கிக்கொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

அவளுக்கும் அந்த ரோடு வேண்டியிருந்தது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மகாதேவன் வண்டியின் கைப்பிடியில் கையை வைத்தார். க்ளச்சை ஒரு தடவை அழுத்தி விட்டார்.

“பள்ளம் இல்லைன்னு எனக்குத் தெரியும், வாலாம்.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“பின்னால வெயில். நம்ம நிழல் முன்னாடி ரோட்டுல நீளமா ஓடிண்டிருந்தது. நீ ரெண்டு கையையும் விரிச்சது அதுல தெரிஞ்சுது.” க்ளச்சை மறுபடி அழுத்தினார். “நான் மெதுவாப் போயிருக்கணும். பார்க்க அத்தனை நன்னாயிருந்தது. இன்னும் வேகமா விட்டேன்.”

எதிர் ஹோட்டலில் யாரோ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். முதல் உதைக்குக் கிளம்பவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதில் கட்டடமே அதிர்ந்தது. மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

வாலாம்பாள் புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். வலது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு கையை என்ன செய்யப்போகிறாள் என்று அவர் கேட்கவில்லை.