ரெண்டு ஏரிக்கும் ஒரே படகு

"பெரிய ஏரி, சின்ன ஏரி ரெண்டுக்கும் தோதா ஒரே மீன்பிடிப் படகு வேணும்" என்றார் வந்தவர். அவர் மனைவியும் கூட வந்திருந்தார்.

விற்பனையாளர் ஒரு பச்சைப் படகைக் காட்டினார். வந்தவர் குனிந்து அதன் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அலை அடிச்சா கவிழாதுல்ல?"

"கவிழாது சார்."

"முழங்கால் தண்ணியில தரை தட்டாதுல்ல?"

"அதுக்குன்னே தட்டையா செஞ்சிருக்கு சார்."

"மீன் போடுற பெட்டியில கேஸ் சிலிண்டர் நிக்குமா?"

"பிடிச்ச மீனை அங்கேயே சமைச்சிடலாம்கறீங்க! நிக்கும் சார்."

வந்தவர் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துப் படகின் குறுக்கே நீட்டினார். "அகலம் மூணரை அடியைத் தாண்டக் கூடாது."

விற்பனையாளருக்குப் பொறுமை போய்விட்டது. "அவ்வளவு பெரிய ஏரியில எங்க சார் போய் இடிக்கப் போகுது?"

"பெரிய ஏரியில இடிக்காது. அது எங்க தெரு. சின்ன ஏரிக்குத்தான் வாசக்கதவு வழியா நுழையணும். அது எங்க ஹால். ஒரு மழை பெஞ்சா ரெண்டும் நிறைஞ்சிடும்."

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இதுல பாதிக் கேள்வியை வீடு வாங்குறப்பக் கேட்டிருந்தா, இன்னிக்குப் படகே வாங்க வேண்டியிருக்காது."