பூண்டில்லாத கீரை

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம் தலைவரே. அங்க போனா விசாரணை முடியிற வரைக்கும் பச்சத் தண்ணி கிடைக்காது" என்றார் இன்ஸ்பெக்டர் பியோன்.

யாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. ஒக்சிம் தலைவர் வீட்டு அடுப்படி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அவள் கணவன் தேசிக் காணாமல் போய் ஐந்து வருஷம். ஊரில் இருப்பதே பதினெட்டு வீடு. பதினெட்டும் அவள்தான் அவனை ஏதோ செய்துவிட்டாள் என்று முடிவு கட்டியிருந்தன. முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. கோசு ஊறுகாயான கிம்ச்சி போடும் நாளில் அவளைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லாம் ஊர்த்தலைவர் மன்சிக் கொடுத்த வாக்குமூலத்தால் வந்தது. அவர் தேசிக்கின் கூடப்பிறந்த அண்ணன். நிலாக் கணக்கில் பத்தாம் மாதப் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், தம்பி அவன் வீட்டுக்குள் நுழைந்ததைக் கண்ணால் பார்த்தேன், அப்புறம் அவன் வெளியே வரவே இல்லை என்று சொல்லிக் கைரேகையும் வைத்தார்.

பௌர்ணமியன்று ஒக்சிம் தாய்வீட்டில் கோசுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் திரும்பியபோதே வீடு காலியாகத்தான் கிடந்தது. தலைவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போது வந்திருப்பவர் புது இன்ஸ்பெக்டர். பழைய ஃபைலை மூடியே தீருவது என்று முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கியிருக்கிறார்.

"வீட்டுல ஒண்ணும் இல்லீங்களே" என்றார் மன்சிக். "பொண்டாட்டி செத்ததுலேர்ந்து தனிக்கட்டை. ஒக்சிம், நீ காப்பி மட்டும் கலந்து குடு, போதும்."

"காப்பியக் குடிச்சா பசி போகுமா? இருக்கிறதக் குடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவரே எழுந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்துவிடுவார் போலிருந்தது. அதற்குள் ஒக்சிம் திறந்தாள்.

மேல்தட்டில் ஒரு கிண்ணத்தில் பெரணிக் கீரை இருந்தது. பக்கத்தில் தலை போகாமல் வேகவைத்த முழு மீன். மேல்பக்கம் மட்டும் சீவிய பேரிக்காய் ஒன்று.

கீரையைக் கிள்ளி வாயில் போட்டாள். பூண்டு இல்லை. மிளகாய்த்தூள் இல்லை.

வெறும் சோற்றுக்கே மிளகாய் விழுது கேட்கிற மனுஷன் மன்சிக். உயிரோடிருப்பவர்களுக்கு இந்த ஊரில் யாரும் இப்படிச் சமைக்க மாட்டார்கள்; பூண்டும் மிளகாயும் ஆகாதது செத்தவர்களின் படையலுக்குத்தான்.

யாருக்குத் திதி?

இருபது வருஷமாக இந்த வீட்டுத் திதிகளுக்கெல்லாம் இதே அடுப்படியில் வெந்தவள் அவள். மாமனாருக்கு முதல் மாதம். மாமியாருக்கு ஐந்தாம் மாதம், நெல் நடவு நேரத்தில் வந்து உயிரை எடுக்கும். மன்சிக்கின் மனைவிக்கு இரண்டாம் மாதம். வருஷக் கடைசியில் இந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

சுவரில் விவசாயக் கூட்டுறவுச் சங்கக் காலண்டர் தொங்கியது. இன்றைய தேதிக்குக் கீழே, பொடி எழுத்தில், நிலாக் கணக்கில் பத்தாம் மாதம் பதினாறு என்றிருந்தது. நேற்று பௌர்ணமி.

கீழ்த்தட்டில் ஒரு பொட்டலம். பிரித்தாள். சந்தையில் வாங்கிய கணவாய் பஜ்ஜி.

மன்சிக்குக்குக் கட்டிய பல். கணவாயை அவர் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. சந்தைக்குப் போனால் முதல் வேலையாகக் கணவாய் பஜ்ஜிக் கடையில் நிற்பது தேசிக்தான். வாய் சுட்டாலும் ஊதிச் சாப்பிடப் பொறுமை கிடையாது அவனுக்கு.

ஒக்சிம் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயோ போய்விட்டான், கோபம் தீர்ந்தால் வருவான் என்று நினைத்து, ஐந்து வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவனுக்குப் படையல் வைத்ததில்லை. செத்தவனுக்குத்தானே வைப்பது. அவன் செத்துப் போயிருந்தான், அதுவும் அவள் ஊரில் இல்லாத அன்றைக்கு. அந்த நாள் இவருக்குத் தெரிந்திருக்கிறது. தம்பியைக் கொல்ல மனசு வந்தவருக்கு அவனைப் பட்டினி போட மனசு வரவில்லை.

  எல்லாவற்றையும் எடுத்துத் தட்டுகளில் வைத்து, சோறும் சேர்த்து, குட்டை மேசையோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மன்சிக் மேசையைப் பார்த்தார். 

இன்ஸ்பெக்டருக்கு நல்ல பசி. சாப்பிடும் குச்சியால் கீரையை அள்ளி வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, சப்புனு இருக்கு. பயத்துல பூண்டு போட மறந்துட்டியா?"

"நான் சமைக்கல சார். நேத்துத் திதி. அத்தானே தனியாக் கிடந்து சமைச்சிருக்காரு."

"அப்படியா, யாருக்கு?" என்றபடி அவர் அடுத்த வாய்க்குக் கையை நீட்டினார்.

 ஒக்சிம் மன்சிக்கின் பக்கம் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தாள். 

"அடுத்த வருஷத்துலேர்ந்து என் புருஷனுக்கு நானே படையல் வைக்கிறேன் அத்தான். அவரை எங்க வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டரின் குச்சி தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் வீட்டிலும் திதி உண்டு. மேசை மீதிருந்த மீனையும் பேரிக்காயையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு மன்சிக்கை.



மன்சிக்கின் கண் ஜன்னலுக்கு வெளியே, மலைச்சரிவுக்குப் போய் நின்றது. அப்பன் பாட்டன் புதைந்த மண்ணை விற்க விடமாட்டேன் என்று தேசிக் அண்ணனோடு கடைசிவரை மல்லுக்கு நின்ற நிலம் அது. அவன் போன மறு மாதமே அங்கே வரிசையாக சோலார் தகடுகள் பதித்துவிட்டார்கள்.